அப்பப்பாவின் டெக்கா, மாமாவின் ஸ்லிமா: பழைய றேசரால் ஒட்ட வழிப்பது

தம்பி, அப்பப்பாவின் தகரப் பெட்டிக்குள் ஒற்றைப் பிளேட் மாட்டுகிற மூன்று பழைய றேசர்கள் கிடந்தன, ஒட்ட வழிக்க எது திறம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்று, மலாயா றெயில்வேயில் வேலை பார்த்த பூட்டனார் கொண்டுவந்த, சீப்புப்போலப் பல்லு வைத்த ஜில்லெற். அடுத்தது, அப்பப்பா கடைசிவரை பாவித்த, டெக் என்ற இங்கிலாந்து றேசர். மூன்றாவது, கனடா மாமா விட்டுப்போன, கழுத்தில் 1 முதல் 9 வரை இலக்கம் போட்ட, ஸ்லிம் என்ற றேசர். இணையத்தில் ஃபாட்பாய் என்கிற தடித்த பிடி றேசர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, அதையும் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இத்தனைக்கும் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: இப்போது பாவிக்கிற மூன்று பிளேட் றேசரால் கழுத்து சிவந்து, மறுநாள் கொப்புளம் போடுகிறது என்று. எனக்கு அந்த வரிதான் கேள்வியாகப் படுகிறது. கன்னம் வழுவழுப்பாக வரவேண்டும், கழுத்து எரியக்கூடாது, அதற்கு வீட்டில் கிடக்கிற பழசு போதுமா? போதும். அப்பப்பாவின் டெக்கோடு தொடங்குங்கள். ஃபாட்பாய்க்குக் காசு கட்ட வேண்டாம். ஏன் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

நான் முப்பத்தைந்து வருடமாக மணிக்கூடு திருத்துகிறவன். யாழ்ப்பாணப் பட்டினத்தில் என் மேசைக்கு மணிக்கூடுகளோடு பழைய றேசர்களும் வரும். கதவு மூடாதது, திருகு இறுகாதது, பல்லு வளைந்தது, உள்ளே சவர்க்காரம் கட்டிப்போய் அசையாதது என்று எல்லாம் பார்த்திருக்கிறேன். தாடி வந்த நாளிலிருந்து நானும் இந்த வகை றேசரால்தான் வழிக்கிறேன். ஆகவே உலோகம், பொறி, பூச்சு பற்றிச் சொல்வதை உறுதியாகச் சொல்வேன். தோலைப் பற்றிச் சொல்வது என் முகத்தையும், என்னிடம் வந்து போனவர்கள் சொன்னதையும் வைத்து. அந்த இரண்டையும் கலக்காமல் எழுதப் பார்க்கிறேன்.

தச்சுவேலை செய்பவரின் சீவுளியைப் பார்த்திருப்பீர்கள். அடிக்கட்டையிலிருந்து அலகு எவ்வளவு வெளியே நீள்கிறது என்பதில்தான் அதன் குணம் இருக்கிறது. நிறைய நீட்டினால் தடித்த சுருள் வரும், மரத்தின் நார் எதிர்த்தால் பிய்த்தும் எடுக்கும். கடைசியில் மேசைப்பலகையை மினுக்கும்போது அவர் அலகை உள்ளே இழுத்து, மயிரிழை அளவுதான் வெளியே விடுவார். றேசரும் அதே கணக்கு. மேலே தொப்பி, கீழே காப்புப்பட்டி, நடுவில் பிளேட்டின் விளிம்பு. தொப்பிக்கும் பட்டிக்கும் ஒரு நூல் பிடித்தால், அந்த நூலுக்கு வெளியே விளிம்பு நீண்டால் கடுமை, உள்ளே நின்றால் மென்மை. விளிம்புக்கும் பட்டிக்கும் உள்ள இடைவெளி இன்னொன்று: அது எவ்வளவு நீளமான மயிரையும் நுரையையும் உள்ளே விடும் என்பதைத் தீர்மானிக்கும். மூன்றாவது, விளிம்புக்கு எவ்வளவு கிட்டப் பிளேட்டை இறுக்கிப் பிடிக்கிறது என்பது. பிளேட்டின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒன்றுதான். அதைத் தொப்பியின் வளைவில் வளைத்து இறுக்கும்போதுதான் அதற்கு விறைப்பு வருகிறது. விளிம்புக்குத் தூரத்தில் பிடித்தால், தடித்த மயிரில் படும்போது அது துடிக்கும். கழுத்தில் சின்னச் சின்னப் புள்ளியாக இரத்தம் வருவதற்கு அந்தத் துடிப்பு ஒரு காரணம்.

இதிலிருந்து ஒன்று விளங்கும். கடுமையான றேசர்தான் ஒட்ட வழிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். தினமும் வழிக்கிறவருடைய தாடி ஒரு நாளில் அரை மில்லிமீற்றருக்கும் குறைவாகத்தான் வளரும். அதை வெட்ட அகன்ற இடைவெளி தேவையில்லை. மென்மையான றேசரின் விளிம்பும் தோல்மட்டத்தைத் தொடத்தான் செய்கிறது. தொட்டும் மயிர் மிச்சம் நிற்கிறது என்றால், இழுத்த திசையோ பிடித்த கோணமோ பிழை. நாலு ஐந்து நாள் விட்டு வழிக்கிறவருக்குக் கணக்கு வேறு. அவருடைய மயிர் மென்மையான றேசரின் இடுக்கில் அடைந்து இழுபடும். அவருக்குத்தான் பல்லு வைத்ததும் பெரிய இலக்கமும்.

இனி உங்கள் டெக்கைப் பார்ப்போம். ஜில்லெற் கொம்பனி இதை அமெரிக்காவில் 1938 இல் வெளியிட்டது. தொப்பி, அடித்தட்டு, பிடி என்று மூன்றே துண்டு. அசைகிற பொறி எதுவும் இல்லை, எனவே பழுதாவதற்கும் எதுவும் இல்லை. உங்களுடையதில் இங்கிலாந்து என்று பொறித்திருப்பதால், லண்டனுக்கு மேற்கே கிரேட் வெஸ்ட் வீதியில் 1937 இல் திறந்த ஐல்வர்த் ஆலையில் செய்யப்பட்டதாகப் பெரும்பாலும் இருக்கும். அந்தக் கட்டிடத்தின் நடுவில் நாலு முகம் வைத்த மணிக்கூட்டுக் கோபுரம் இருக்கிறது. என் தொழிலுக்கு அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. டெக்கின் அடித்தட்டு பிளேட்டை விளிம்புக்கு மிகக் கிட்டப் பிடிக்கும். அதனால் துடிப்பு மிகக் குறைவு. விளிம்பு வெளியே நீள்வதும் குறைவு. பழகாத கைக்கும் வெட்டுக்காயம் அரிது. பித்தளை என்பதால் எழுபது எண்பது வருடம் கழித்தும் திருகின் புரி தேயாமல் இருக்கிறது. என் அப்பாவிடம் இருந்ததும் டெக்தான். கிணத்தடியில் மாமரத்தில் கண்ணாடியைக் கொழுவி, கிணத்துக்கட்டில் இருந்து வழிப்பார். 95 இடப்பெயர்வில் நாங்கள் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தபோது அவருடைய சேட்டுப் பையில் மூக்குக்கண்ணாடியும் இந்த றேசரும் இருந்தன. அடுத்த வருடம் அதோடேயே திரும்பி வந்தார். இப்போது அது என்னிடம் இருக்கிறது. ஒரு புரியும் தேயவில்லை.

பூட்டனாருடைய பல்லு வைத்த றேசர் எந்தக் காலத்தது என்பதை, நீங்கள் அனுப்பிய படத்தில் அடித்தட்டின் நடுவில் உள்ள நீள்மேடு காட்டுகிறது. நடுவில் நீளத் துளை உள்ள பிளேட்டுக்காக 1930 இல் ஜில்லெற் கொண்டுவந்த புது வகை அது. அதற்கு முந்தினவற்றில் மூன்று வட்டத் துளை இருக்கும். மலாயா பென்சன்காரர் வீடுகளிலிருந்து இரண்டு வகையும் என் மேசைக்கு வந்திருக்கின்றன. இன்றைய பிளேட் இரண்டிலும் பொருந்தும். பல்லைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதிகம், ஆனால் கடுமை பல்லில் இல்லை. மேலே சொன்ன நீட்சியிலும் இடைவெளியிலும் இருக்கிறது. பல்லின் வேலை, நுரையைத் தள்ளிவிடாமல் விளிம்புவரை போகவிடுவதும் நீண்ட மயிரை நிமிர்த்தி எடுப்பதும். நாலு நாள் தாடியை ஒரே இழுவையில் எடுக்க இதைவிட நல்லது என் கையில் பட்டதில்லை. ஆனால் பல்லு மெல்லியது. ஒருக்கால் சீமெந்துத் தரையில் விழுந்தால் ஒன்றிரண்டு வளைந்துவிடும், வளைந்த பல்லு இருக்கும் பக்கத்தில் பிளேட் ஒரே அளவாக நிற்காது. உங்கள் படத்தில் வலதுபக்க மூலைப் பல்லு உள்ளே சாய்ந்திருப்பதாகத் தெரிகிறது. அதைத் திருத்தும்வரை முகத்தில் வைக்க வேண்டாம்.

மாமாவுடைய ஸ்லிம் அழகான பொறி. பிடியின் அடியில் உள்ள குமிழைத் திருகினால் தலை இரண்டு யன்னல் கதவுபோலத் திறக்கும், பிளேட்டை வைத்துத் திருப்பி மூடலாம். கழுத்தில் உள்ள வளையத்தைத் திருப்பினால் அடித்தட்டு ஏறி இறங்கும், இலக்கம் கூடக் கூட இடைவெளியும் கூடும். கதவு திறக்கிற வகையில் இலக்கம் இல்லாத எளிய சுப்பர் ஸ்பீட் 1947 இல் வந்தது. இலக்கம் போட்ட தடித்த பிடிக்காரன் 1958 இல் வந்தது. அதைத்தான் இப்போது சேகரிப்பவர்கள் ஃபாட்பாய் என்கிறார்கள். 1961 இல் அதன் பிடியை ஒல்லியாக்கி ஸ்லிம் வந்தது, 1968 வரை செய்தார்கள். மாமாவுடைய தலையின் அடியில் எச் 2 என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்காவில் செய்தவற்றில் எழுத்து வருடத்தையும் இலக்கம் அந்த வருடத்தின் காலாண்டையும் குறிக்கும். ஏ 1955, பி 1956 என்று எண்ணிக்கொண்டு வந்தால் எச் 1962, ஆக இரண்டாம் காலாண்டு. சித்திரை முதல் ஆனிக்குள் செய்த சாமான். ஃபாட்பாயும் ஸ்லிமும் வழிப்பில் அண்ணன் தம்பி. பாரமும் பிடியின் பருமனும்தான் வித்தியாசம், அதற்குத்தான் அந்த விலை. ஸ்லிம் கையில் இருக்கும்போது ஃபாட்பாய் வாங்குவது சேகரிக்கிற ஆசைக்கு. கழுத்துக்கு அதில் ஒரு நன்மையும் இல்லை.

ஸ்லிமைப் பாவிக்கும்போது ஒன்று கவனியுங்கள். இலக்கத்தை மாற்றுமுன் அடிக்குமிழை அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு மாற்ற வேண்டும், பிறகு இறுக்க வேண்டும். இறுக்கின நிலையில் வளையத்தை நெரித்துத் திருப்பினால் உள்ளே உள்ள பொறி தேயும். அப்படித் தேய்ந்து, 5 என்று வைத்தாலும் 7 க்கு நழுவிப் போகிற ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார்கள். கழற்றித் திருத்துவது லேசில்லை, ஏனென்றால் ஆலையிலேயே உள்ளே அடித்து இறுக்கியிருக்கிறார்கள். முதல்முறை பிளேட் போட்டதும் தலையை மேலிருந்து நேரே பார்த்து, இரண்டு பக்கமும் விளிம்பு ஒரே அளவு தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் கூடத் தெரிந்தால் கதவோ அதைத் தாங்குகிற மூலையோ வளைந்திருக்கிறது. எனக்கு இருபத்திரண்டு வயதில் ஒருவருடைய இலக்கம் போட்ட றேசரை இரவல் வாங்கி, பெரிய இலக்கம்தான் நல்லாய் வெட்டும் என்று 9 இல் வைத்து, மச்சானின் கலியாணத்துக்குப் போகிற காலையில் நாடியைக் கிழித்துக்கொண்டேன். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. நீங்கள் 3 இல் தொடங்குங்கள், இரண்டு கிழமைக்குப் பிறகு தேவை என்றால் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள்.

இதுவரை சொன்னதில் அமைப்பும் வருடமும் உறுதி. இனிச் சொல்வது என் அநுபவம். போன மாரியில் ஒவ்வொரு கிழமைக்கு ஒரு றேசர் என்று, ஒரே வகைப் பிளேட், ஒரே மழைத்தண்ணி, ஒரே சவர்க்காரம் வைத்து மூன்று வகையையும் மாறி மாறிப் பாவித்துப் பார்த்தேன். வழித்து முடித்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தைத் தடவினால், எந்தக் கிழமை எந்த றேசர் என்று எனக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வித்தியாசம் தெரிந்தது வழியில்தான். டெக்குக்கு மூன்று தரம் தேவைப்பட்டது. ஸ்லிம் 6 இல் இருந்தபோது இரண்டு தரத்தில் முடிந்தது, ஆனால் கழுத்து எரிந்தது. இது ஒரே ஒரு முகம், என்னுடைய மயிர் நேர்மயிர். இதை எல்லோருக்கும் பொதுவாக்க மாட்டேன். தங்கப்பூச்சுப் போட்டது வழுக்கிப் போகும், பழைய உருக்கு இப்போதையதைவிடத் திறம், பாரமான பிடி கூட ஒட்ட வெட்டும் என்றெல்லாம் சொல்லுவார்கள். பூச்சு தங்கமானாலும் நிக்கலானாலும் நுரைக்கு மேலே ஓடும்போது எனக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்ததில்லை. பாரம், கை அழுத்தாமல் இருக்க உதவும். அந்த மட்டில் மட்டும் ஒத்துக்கொள்வேன்.

றேசரைவிடப் பெரிய சங்கதி ஒன்று உங்கள் கேள்வியில் போகிறபோக்கில் இருந்தது: கோண்டாவில், கிணத்துத் தண்ணி, நுரை நிக்குதில்லை. எங்கள் குடாநாடு சுண்ணாம்புக் கல்லுக்கு மேல் இருக்கிறது. மழைத்தண்ணி அந்தக் கல்லுக்குள்ளால் இறங்கி வரும்போது சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். சவர்க்காரம் அந்தச் சுண்ணாம்போடு சேர்ந்து நுரையாகாமல் தயிர்போலத் திரைந்துவிடும். முகத்தில் அரை நிமிடத்தில் காய்ந்துவிடும், பிளேட் வெறுந்தோலில் ஓடும். எவ்வளவு விலையான றேசரும் அங்கே தோற்கும். மருந்து லேசு. வழிப்புக்குத் தேவை ஒரு கோப்பைத் தண்ணிதான். மாரியில் பிடித்துவைத்த மழைத்தண்ணி என்றால் மிக நல்லது. இல்லாவிட்டால் கிணத்துத் தண்ணியைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, வெள்ளை அடியில் படிந்த பிறகு மேல்தண்ணியை வார்த்து எடுங்கள். கொதிக்கவைத்தால் சுண்ணாம்பில் ஒரு பங்குதான் போகும். தீவுப்பகுதிபோல உவர் ஏறிய தண்ணிக்கு அது பயன்படாது. அங்கே இருக்கிறவர்கள் வடிகட்டின குடிதண்ணியில் ஒரு கோப்பை எடுப்பதே வழி. தண்ணியை மட்டும் மாற்றிப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினவர்களில் சிலர், பிறகு றேசரைத் திருத்தக் கேட்டு வரவேயில்லை.

அடுத்தது பிளேட். ஜில்லெற் கொம்பனியைத் தொடங்கின கிங் காம்ப் ஜில்லெற்றுக்கு, தேய்ந்ததும் எறிகிற பிளேட் என்ற யோசனை வந்தபோது றேசரைச் செய்வது பெரிய வில்லங்கமாக இருக்கவில்லை. அவ்வளவு மெல்லிய உருக்குத் தகட்டை வளையாமல், நொறுங்காமல் பதப்படுத்திக் கூராக்குவதுதான் வில்லங்கம். வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியியலாளர் அதைச் சாதித்த பிறகுதான் விற்பனை தொடங்கியது. 1903 இல் விற்றது 51 றேசரும் 168 பிளேட்டும். அடுத்த வருடம் 90,000 க்கு மேல் றேசர் போனது. அந்தக் காலப் பிளேட் துருப்பிடிக்கிற காபன் உருக்கு. துருப்பிடியாத உருக்கு 1960 களின் தொடக்கத்தில்தான் பரவியது. வில்கின்சன் சோர்ட் கொம்பனி அதில் முன்னுக்கு நின்றது. இப்போது கடையில் வாங்குகிற துருப்பிடியாத பிளேட் அந்தக் காபன் உருக்குப் பிளேட்டைவிட நின்று பிடிக்கும். எது உங்களுக்கு ஒத்துவரும் என்று நான் சொல்ல முடியாது, தோலுக்குத் தோல் மாறும். ஜப்பானிய ஃபெதர் மிகக் கூர் என்று பெயர் எடுத்தது. பழகாத கைக்கு அதை முதலில் தரமாட்டேன். இரண்டு மூன்று வகையில் ஒவ்வொரு சரை வாங்கி, ஒரே வகையைக் குறைந்தது ஐந்து தரம் பாவித்த பிறகு முடிவெடுங்கள்.

ஒரு பிளேட் எத்தனை தரம் வரும் என்றால், என் தாடிக்கு நாலு. தடித்த மயிர்க்காரருக்கு மூன்று. இழுக்கத் தொடங்கின அன்றே மாற்றிவிடுங்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் அப்பா ஒரு பிளேட்டைக் கண்ணாடித் தம்ளரின் உட்சுவரில் விரலால் அழுத்தி முன்னும் பின்னும் உரைஞ்சு, இருபது தரத்துக்கு மேல் இழுத்தார். விளிம்பு சற்று நிமிர்ந்து இன்னும் ஒன்றிரண்டு நாள் தாங்கினது உண்மை. அவருடைய கழுத்து அந்த வருடங்களில் எப்போதும் சிவந்தே இருந்ததும் உண்மை. வழித்த பிறகு பிளேட்டைத் துணியால் துடைக்காதீர்கள். விளிம்பில் மெல்லிய பூச்சு இருக்கிறது, துணி அதைக் கெடுக்கும், விரலும் வெட்டுப்படும். உதறிக் காயவிட்டால் போதும்.

வழிக்கும் முறை ஒரு பந்தியில் சொல்லி முடிகிற காரியமில்லை, ஆனாலும் முக்கியமானதைச் சொல்கிறேன். குளித்து வந்த கையோடு வழியுங்கள். தண்ணி குடித்த மயிர் மெதுவாகும், வெட்ட வேண்டிய பலம் குறையும். அதற்கு இரண்டு மூன்று நிமிடம் வேண்டும். தொப்பியைக் கன்னத்தில் வைத்துப் பிடியைத் தரைக்குச் சமாந்தரமாகப் பிடியுங்கள். அப்போது விளிம்பு தொடாது. பிடியை மெல்ல மெல்லக் கீழே இறக்குங்கள், மயிர் வெட்டுப்படுகிற சத்தம் கேட்கிற இடத்தில் நிறுத்துங்கள். அப்போது பிளேட் தோலோடு ஏறக்குறைய முப்பது பாகையில் நிற்கும். மூன்று பிளேட் றேசரில் அழுத்திப் பழகின கை இங்கேயும் அழுத்தும். அதை விடுவதுதான் கஷ்டம். பித்தளையின் பாரம் போதும், உங்கள் வேலை றேசரை விழாமல் பிடிப்பது மட்டும். மற்றக் கையால் தோலை இழுத்துப் பிடியுங்கள். சலூனில் வழிக்கிறவரின் இடது கையைக் கவனித்துப் பார்த்தால் பாதித் தொழில் அதில்தான் இருப்பது தெரியும். முதல் தரம் மயிர் சாய்ந்த திசையில், இரண்டாம் தரம் குறுக்கே. ஒவ்வொரு தரமும் புது நுரை. மூன்றாம் தரம் எதிர்த்திசையில் போவது கன்னத்துக்குச் சரி, கழுத்துக்கு இப்போதைக்கு வேண்டாம்.

கழுத்தைப் பற்றி. கழுத்து மயிர் பலருக்குக் கீழ்நோக்கிச் சாயாது. பக்கவாட்டில் அல்லது மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். இரண்டு நாள் விட்டு, பஞ்சுத்துண்டு ஒன்றை நாலு திசையிலும் தடவிப் பாருங்கள். பஞ்சு சிக்குகிற திசை எதிர்த்திசை. பல பிளேட் வைத்த றேசரில் முதல் பிளேட் மயிரைப் பிடித்து இழுக்க, அது உள்ளே சுருங்குமுன் அடுத்தது வெட்டும். அப்படி வெட்டுப்பட்ட நுனி தோல்மட்டத்துக்குக் கீழே போய்விடலாம். மயிர் சுருட்டையாக இருந்தால் அந்த நுனி வளரும்போது வெளியே வராமல் தோலுக்குள்ளேயே குத்தும். கொப்புளம் என்று நீங்கள் எழுதியது பெரும்பாலும் இதுவாக இருக்கலாம். ஒற்றைப் பிளேட்டுக்கு மாறினதும் குறைந்தது என்று என்னிடம் சொன்னவர்கள் பலர். எல்லோருக்கும் குறையும் என்று உறுதி தரமாட்டேன். கழுத்தில் ஒட்ட வழிக்கிற ஆசையை விட்டு, ஒரு தரத்தோடு நிறுத்தினால் ஆறும். சீழ் வைத்தால், தழும்பு தடித்து எழும்பினால், சலரோகம் இருந்தால், றேசரை வைத்துவிட்டு யாழ் போதனா வைத்தியசாலையில் தோல் வைத்தியரிடம் காட்டுங்கள். அது மணிக்கூட்டுக்காரனிடம் கேட்கிற விஷயமில்லை. வழித்த பிறகு ஈரமுகத்தில் சீனக்காரக் கட்டியைத் தடவலாம். எரிகிற இடமெல்லாம் நீங்கள் அழுத்தின இடம் என்று அது காட்டிக்கொடுக்கும்.

இனிச் சுத்தம் செய்வது. அப்பப்பாவின் சாமான் என்று அப்படியே முகத்தில் வைக்காதீர்கள். இளஞ்சூட்டுத் தண்ணியில் பாத்திரம் கழுவுகிற திரவம் விட்டு அரை மணித்தியாலம் ஊறவைத்து, பழைய பல்லுத்தூரிகையால் தேயுங்கள். வெள்ளைச் சுண்ணாம்புப் படிவு போகாவிட்டால் வினாகிரியில் பாதிக்குப் பாதி தண்ணி கலந்து ஐந்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். பிறகு கழுவி, ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் காயவிடுங்கள். பச்சைக் களிம்பு தெரிந்தால் உள்ளே பித்தளை, பயப்பட வேண்டாம், தேய்த்தால் போகும். வெள்ளைப் பொடியும் பூச்சு கொப்புளித்திருப்பதும் தெரிந்தால் அது நாகக் கலவையில் வார்த்த மலிவுச் சாமான், உள்ளே அரித்துப்போயிருக்கும், அதற்குச் செலவழிக்காதீர்கள். ஸ்லிமின் குமிழ் இறுக்கமாக இருந்தால் தையல் மிசின் எண்ணெய் ஒரு சொட்டு. நல்லெண்ணெய் விட்டால் நாளடைவில் பிசினாகிப் பிடித்துவிடும். இன்னொன்று, வீட்டில் யாரும் அன்பாய் மினுக்கித் தருகிறேன் என்று புளியும் சாம்பலும் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். குத்துவிளக்குக்கு அது சரி, பூச்சுக்கு அது அரம். தைப்பொங்கலுக்கு விளக்கு மினுக்கின கையோடு ஒரு அம்மா தன் தகப்பனாரின் தங்கப்பூச்சு றேசரையும் மினுக்கிவிட்டு, மஞ்சளாய் இருந்தது மங்கிப்போனதே என்று என்னிடம் கொண்டுவந்தார். தங்கம் முழுக்கப் போயிருந்தது. பித்தளைதான் மிச்சம். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

பாவித்த பிளேட்டைக் குப்பையில் போடாதீர்கள், எங்கள் ஒழுங்கைகளில் மாடுகள் குப்பையைக் கிளறும். வெறும் பால்மா ரின்னின் மூடியில் ஒரு கீறல் வெட்டி அதற்குள் போட்டுவாருங்கள், ஒரு ரின் பல வருடத்துக்கு வரும். பூட்டனாருடைய றேசரின் வளைந்த பல்லைக் குறட்டால் நிமிர்த்தப் பார்க்க வேண்டாம். பழைய பித்தளை ஒரே வளைவில் முறியும். அடித்தட்டை மட்டும் கண்ணாடித் துண்டின்மேல் வைத்து, பக்கத்திலிருந்து வெளிச்சம் விழ ஒரு படம் எடுத்துப் போடுங்கள். எந்தப் பல்லு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அதில் தெரியும், மரச்சட்டத்தில் பிடித்து மெல்லத் தட்டி எடுக்கலாமா என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை டெக்.